தாத்தா மட்டும் போதுமா? மதுரை ரயில்வேக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே காலனியிலும், அரசரடி, எல்லீஸ் நகர், கரிமேடு, பெத்தானியாபுரம் பக்கங்களிலும் குடியிருக்கிற ஓய்வுபெற்ற டிரைவர்கள், ஃபயர்மேன்கள், கார்டுகள், ஷெட் ஃபிட்டர்கள், கலாசிகள், கேங்மேன்கள், பாயிண்ட்ஸ்மேன்கள் அனைவருக்கும். அவர்கள் காலமாகியிருந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். எல்லோருக்கும் முதலாக, பரண் சாவியைக் கையில் வைத்திருக்கிற மருமகள்களுக்கும்,

வணக்கம்.

மார்கழி பாதி போய்விட்டது. இன்னும் சில நாளில் வெள்ளையடிக்க ஆள் வருவார். பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். சென்னை மாதிரி விடியற்காலையில் பழையதைப் போட்டுக் கொளுத்துகிற பழக்கம் நம் பக்கம் அவ்வளவாக இல்லை. வாசல் நிலையில் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டினால் நமக்குப் போகி முடிந்தது. ஆனால் இறங்கிய சாமான் எல்லாம் திரும்பப் பரணேறுவதில்லை. பித்தளை அண்டா ஏறிவிடும். துருப்பிடித்த டிரங்குப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும். பெட்டிக்குள் இருந்த காகிதம் கிலோ கணக்கில் எடைக்குப் போகும். அந்தக் காகிதத்துக்குள் சில போட்டோக்கள் இருக்கும். அவற்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்டுடியோக்காரன். அப்பா காலத்துக் கடை. பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பிழைப்பு ஓடுகிறது. இவற்றில் கண்ணீர் அஞ்சலி வேலையில்தான் எனக்கு ரயில் இன்ஜின்கள் பழக்கமாயின. எப்படி என்று சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா மகனோடு வந்தார். ஜவுளிக்கடைப் பைக்குள் அட்டையில் ஒட்டிய பெரிய குரூப் போட்டோ. "அண்ணே, இவரு எங்க மாமனாரு. வேற போட்டோ எதுவும் சரியா இல்ல. பதினாறாம் நாளுக்குள்ள வேணும். தனியா எடுத்து, பின்னாடி நீலம் போட்டுருங்க" என்றார். படத்தில் ஒய்பி என்கிற வகைக் கரி இன்ஜின் நிற்கிறது. முகப்பில் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஆயுத பூஜை. முன்னால் பதினொரு பேர். மாமனார் இடமிருந்து நான்காவது. கையில் பஞ்சு. நீங்களும் கவனித்திருப்பீர்கள், ஷெட்டில் எடுத்த எந்தப் படத்திலும் யாராவது ஒருவர் கையில் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு இருக்கும். கீழே வைக்க மறந்திருப்பார்.

ஸ்கேன் செய்து அவரைச் சுற்றி வெட்டினேன். இன்ஜின் போனது. வாழைக்கன்று போனது. பத்துப் பேர் போனார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. மாமனாரின் இடது தோளில் நான்கு விரல். பக்கத்தில் நின்றவர் தோளில் கை போட்டிருக்கிறார். ஆளை வெட்டிவிட்டேன், விரல் தங்கிவிட்டது. இரண்டு நகம் கரியடித்துக் கறுத்திருந்தது கூட ஸ்கேனில் தெரிந்தது. "இது யார் கைம்மா?" என்றேன். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. மகனுக்கு எப்படித் தெரியும்? சட்டைத் துணியையே கொஞ்சம் எடுத்து விரல்மேல் பூசி மறைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. நீலம் போட்டு, மாலை வைத்து, பதினாறுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் திதிக்கு இன்னொரு பிரிண்ட் கேட்டு வந்தபோது, அசல் போட்டோ எங்கே என்று விசாரித்தேன். வீடு மாறியபோது அட்டை ஒடிந்துவிட்டதாம், போட்டுவிட்டார்களாம். "அதான் நீங்க நல்லா எடுத்துக் குடுத்துட்டீங்களேண்ணே!"

நான் எடுத்துக் கொடுத்தது பதினொன்றில் ஒன்று.

நல்லவேளை, முழு ஸ்கேன் என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. முன்யோசனையில் வைத்திருந்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். அழிக்கச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான். அன்று ராத்திரி அந்த டிஸ்க்கைத் தோண்டினேன். இன்ஜின் முன்னால் நின்றவர்களை இப்படித் தலை தலையாக அறுத்து எடுத்த படங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் என் கைவேலை. ஆகவே இந்த மடலில் யாரையாவது குற்றம் சொல்வதாக இருந்தால் வரிசையில் நான்தான் முதல் ஆள்.

அந்தப் படங்களை ஓய்வாக இருக்கும்போது பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு இன்ஜின் பற்றி எதுவும் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு. கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். இன்ஜினில் கரி போடுகிற ஃபர்ஸ்ட் ஃபயர்மேனாகவும் பிறகு டிரைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். காலை நடை முடிந்து என் கடை வாசலில் டீயோடு உட்காருவார். ஒரு நாள் திரையில் இருந்த படத்தைக் காட்டி, "ஒய்பி" என்று நான் சொன்னதைத் திருத்தினார்.

"ஒய்பி இல்ல தம்பி, ஒய்ஜி. சக்கரத்த எண்ணு. முன்னால சின்னது ரெண்டு, அப்புறம் பெருசு மூணு இருந்தா ஒய்பி. சின்னது ஒண்ணு, பெருசு நாலுன்னா ஒய்ஜி. பின்னாடி ரெண்டுக்கும் சின்னது ஒண்ணு இருக்கும். அது பாசஞ்சரு, இது கூட்ஸு. ஆனா கிடைச்சத மாட்டித்தான் ஓட்டுவோம், அது வேற கதை."

ஒய் என்றால் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், பி என்றால் பாசஞ்சர், ஜி என்றால் கூட்ஸ். பிறகு வந்த ஒய்டிஎம்-4 டீசல். இந்த ஒய்பி 1949-இல் தொடங்கி 1970 வரை 871 செய்தார்கள்; ஒய்ஜி 1074. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஸ்காட்லாந்திலும் செய்து வந்தவை உண்டு. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்தவையும் ஏராளம். இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற டாடா லாரிக்கு மூதாதை அந்தக் கம்பெனிதான். 1945-இல் அது தொடங்கியதே ரயில் இன்ஜின் செய்வதற்காக.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் என் கண்ணையே மாற்றிவிட்டது. கன்னங்கரேலென்று புகை கக்கிக்கொண்டு ஓர் இன்ஜின் வருகிற படம். எனக்கு ரொம்பப் பிடித்த படம். பெரிதாக்கிக் கடையில் மாட்டலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். "இதப் போயி மாட்டப் போறியா? எவனோ அள்ளிக் கொட்டியிருக்கான். கரி சரியா எரிஞ்சா இப்படி வராது. இந்தப் புகையோட ஸ்டேஷனுக்குள்ள போனா லோகோ இன்ஸ்பெக்டர் கேப்பாரு, 'உங்க வீட்டு அடுப்பையும் இப்படித்தான் எரிப்பியா'ன்னு." கரியை மெல்லிசாக, சமமாக, நெருப்புப் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் பரவுகிற மாதிரி வீச வேண்டுமாம். ஒரு சுற்று வீசி, கதவைச் சாத்தி, புகைபோக்கியில் வருகிற புகையின் நிறத்தைப் பார்த்து அடுத்த சுற்று. லேசான சாம்பல் நிறத்தில் புகை போனால் உள்ளே இருக்கிறவன் வேலை தெரிந்தவன். கேமரா வைத்திருப்பவனுக்கு அழகாகத் தெரிவது ஷவல் பிடித்தவனுக்கு மானக்கேடு. படத்தை மாட்டவில்லை.

ரயில் படங்களைத் தேடிச் சேர்க்கிற இளவட்டங்கள் நம் ஊரில் இப்போது நிறைய. அவர்கள் எனக்கு அனுப்புகிற பழைய வண்ணப் படங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தவை. பிரிட்டனில் 1968 ஆகஸ்டோடு வழக்கமான கரி இன்ஜின் ரயில்கள் நின்றுவிட்டன. அதன்மேல் பித்தான ஆட்கள் இன்ஜின் இன்னும் புகைகிற நாடுகளைத் தேடிக் கிளம்பினார்கள். தோளில் கேமராவும் கையில் நோட்டுமாக இந்தியாவுக்கும் வந்தார்கள். அந்தப் படங்களின் குறிப்பைப் பாருங்கள். இன்ஜின் வகை, நம்பர், எந்த வண்டி, எந்தத் தேதி, எந்த ஸ்டேஷனுக்கு வெளியே, எல்லாம் சுத்தமாக இருக்கும். கேபின் கம்பியில் கையூன்றி, தலையில் துண்டோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாரே, அவரைப் பற்றி ஒரு சொல் இருக்கும்: டிரைவர். சில படங்களில் அதுவும் இல்லை.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. கலர் ஃபிலிம் வாங்கவே நமக்கு வக்கில்லாத நாளில் அவ்வளவு தூரம் வந்து எடுத்தார்கள். இல்லையென்றால் அந்த இன்ஜின்கள் என்ன நிறம் என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. வந்தவருக்குத் தமிழ் தெரியாது, வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும், இன்ஜினில் நம்பர் பித்தளையில் எழுதியிருக்கும். மனுஷன் நெற்றியில் பெயர் எழுதியிருக்காது. ஆனால் நம் வீட்டுப் படத்திலேயே நாம் எழுதி வைக்கவில்லையே? அட்டையில் ஒட்டிய குரூப் போட்டோக்களைக் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் பெயர் இனிஷியலோடு அச்சாகியிருக்கும். பின்னால் இரண்டு வரிசை நிற்பவர்கள் 'ஊழியர்கள்'. பெஞ்சு கிடைத்தவனுக்குப் பெயர். நின்றவனுக்குக் கூட்டப் பெயர்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, படத்திலிருந்து தாத்தாவை எடுங்கள், ஆனால் மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு, படத்தில் இருக்கிறவர்களின் பெயரை எழுதுங்கள், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

யாரைக் கேட்பது? இங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். ஷெட்டில் வேலை பார்த்தவரை மட்டும் கேட்கிறோம். அவருக்கு இன்ஜின் நம்பர் ஞாபகம் இருக்கும். பக்கத்தில் நின்றவர் பெயர் தொண்டையில் நிற்கும், வெளியே வராது. அப்பத்தாக்களைக் கேளுங்கள். என்னிடம் இருக்கிற இத்தனை படங்களில் ஒன்றில்கூட ஒரு பெண் இல்லை. ஆனால் பெயர் சொல்ல முடிந்த படங்களில் பாதி, பெண்கள் சொன்னவைதான். ராத்திரி இரண்டு மணிக்கு, டூட்டிக்குக் கூப்பிடுகிற 'கால் பாய்' சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார், "காலை மூணரைக்கு கூட்ஸு" என்று கால் புக்கில் கையெழுத்து வாங்குவார். அந்தத் தட்டலுக்கு முதலில் எழுந்தவர்கள் இவர்கள். அடுப்பு மூட்டி, டிபன் கேரியர் கட்டி, வண்டியில் கொண்டுபோகிற சாமான் பெட்டியான லைன் பாக்ஸைத் திண்ணையில் எடுத்து வைத்தவர்கள். எந்த டிரைவரோடு எந்த ஃபயர்மேன் ஜோடி, யாருக்கு யாரோடு ஆகாது, வெளியூரில் தங்குகிற ரன்னிங் ரூமில் யார் சமைப்பார், யார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஓர் அப்பத்தாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடாமல், நிற்கிற தோரணையை வைத்தே, "இவன் பரமக்குடிக்காரன், இவன் கொடைரோட்டுக்காரன், சீட்டாடியே கெட்டான். இந்தக் கோடியில நிக்கிறவன் எங்கிட்ட வாங்குன எவர்சில்வர் தூக்கு இன்னும் வரல" என்றார். நாற்பது வருஷத்துக் கடன். கோடியில் நிற்பவர் பெயர் கிடைத்துவிட்டது.

ஒரு படத்தில் ஒரு முகத்தை மட்டும் யாரோ பேனா மையால் அழுத்தி அழுத்திக் கிறுக்கியிருந்தார்கள். தாள் கிழிகிற அளவுக்கு. பூச்சியரித்த கறை என்று நினைத்து டச் செய்யப் போனேன். கொண்டுவந்தவர் தடுத்துக் கதையைச் சொன்னார். 1974 மே மாதம் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததல்லவா, மே 8-இல் தொடங்கி ஏறக்குறைய மூன்று வாரம். படத்தில் இருக்கிற இந்த ஆள் நாலாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். கிறுக்கியது கொண்டுவந்தவரின் அப்பா. "அப்புறம் பேசிக்கிட்டாங்களா?" என்றேன். "பேசாம என்ன? அவரு மகளத்தான எனக்குக் கட்டி வெச்சாங்க" என்றார். இப்போது அந்தப் படத்தில் தாத்தாவின் முகத்தைப் பேத்திக்குக் காட்ட வழியில்லை. மையை எடுக்க முடியுமா என்றுதான் வந்திருந்தார். முடியவில்லை. முடிந்தாலும் எடுத்திருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு நினைப்பு, அவரிடம் சொல்லவில்லை.

படம் எந்தக் காலத்தது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கைகாட்டுகிறேன். மதுரைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1875-இல். அடுத்த வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடி வரை போய்விட்டது. அத்தனை பழைய படம் நம் வீடுகளில் இருக்காது. ஆனால் இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிய டெண்டரிலோ பெட்டியிலோ எஸ்.ஐ.ஆர். என்று எழுத்து தெரிந்தால் அது தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரல் 14-இல் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள், ஆகவே படமோ வண்டியோ அதற்கு முந்தையது. (பெயர் மாறி இருபது வருஷம் கழித்தும் என் தாத்தா 'எஸ்.ஐ.ஆர். வண்டி' என்றுதான் சொல்வார்.) ஸ்டேஷன் போர்டில் ஆங்கிலத்தில் 'மதுரா' என்று இருந்தால் வெள்ளைக்காரன் காலத்து வாடை. போர்டில் இந்தி வரிமேல் தார் பூசியிருந்தால் அது ஐம்பதுகளிலோ அறுபத்தைந்தையொட்டியோ எடுத்ததாக இருக்கலாம். பின்னால் ஒய்டிஎம்-4 நின்றால் அறுபதுகளுக்கு முன்னால் போக வாய்ப்பே இல்லை. வைகை எக்ஸ்பிரஸ் என்று பலகை தெரிந்தால் 1977 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம். அன்றுதான் அந்த வண்டி மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு மேலே கம்பி இருக்கிறதா, கைகாட்டி மரம் நிற்கிறதா, லைட் சிக்னலா, டிரைவர் கையில் டோக்கன் வளையம் இருக்கிறதா, இவையும் சொல்லும். அந்த வளையத்தைத் தெரியாத பிள்ளைகளுக்கு: பிரம்பு வளையத்தில் ஒரு தோல் பை, பைக்குள் இரும்புக் குண்டு. அந்தக் குண்டு கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை ஒற்றை லைனில் போக உரிமை. ஓடுகிற வண்டியிலிருந்து பழைய வளையத்தை வீசிவிட்டு, பிளாட்பாரத்தில் நீட்டிப் பிடித்திருக்கும் புதிய வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்க வேண்டும். பழைய டிரைவர்கள் சட்டையைக் கழற்றினால் தோளுக்குக் கீழே அந்த அடியின் தழும்பு இருக்கும். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

மதுரை-போடி லைனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். 1928-இல் போட்ட லைன் அது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரம் வாங்கி, ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். ஆகவே தேனி, போடிப் பக்கத்து வீடுகளில் நாற்பதுகளின் ரயில் படம் கிடைத்தால் வருஷத்தை இரண்டு முறை சரிபாருங்கள். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அவசரம் இல்லாத வண்டி. உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது, மழைக்காலமானால் சக்கரம் வழுக்கும். அப்போது டிரைவர் மணல் விடுவார். சக்கரத்துக்கு முன்னால் ஒரு குழாய் தண்டவாளத்தை ஒட்டி வந்து நிற்கும். அதிலிருந்து மணல் சன்னமாக இழை மாதிரி விழும், சக்கரம் அதை நொறுக்கிக்கொண்டு பிடித்து ஏறும். வண்டி போன பிறகு தண்டவாளத்தின் மேல் மாவு மாதிரி வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். விரலால் தொட்டால் சுடும். நானும் மாமா மகனும் அதை வழித்துத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தோம். எதற்கு என்று கேட்காதீர்கள்.

சுற்றிலும் எல்லா லைனும் அகலமாகிக்கொண்டே வந்தன. பாம்பன் பாலத்தையே 2007-இல் அகலமாக்கிவிட்டார்கள். போடி லைன் மட்டும் பாக்கி இருந்தது. 2010 டிசம்பர் கடைசியோடு அதையும் நிறுத்தினார்கள். கடைசி ஓட்டத்தில் நானும் போனேன். வண்டி கொள்ளாத கூட்டம். அழுதவர்கள் உண்டு, ஆனால் அழுததைவிடப் படம் எடுத்தவர்கள் அதிகம். எல்லார் கையிலும் பட்டன் செல். தேனிக்குத் திரும்ப ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். புது வண்டியில் போய்ப் பார்த்தேன். வேகம் நல்ல வேகம், குறை சொல்ல எதுவும் இல்லை. பதினோரு பன்னிரண்டு வருஷம் பஸ்ஸில் நசுங்கிய ஜனங்களிடம் போய் மீட்டர் கேஜ்தான் அழகு என்று நான் சொன்னால் அடிக்க வருவார்கள், அடிக்கவும் வேண்டும்.

ஆனால் அந்தக் கடைசி நாள் படங்கள் எங்கே? 1955-இல் எடுத்த கறுப்பு வெள்ளை பிரிண்ட் பரணில் அப்படியே கிடக்கிறது. 2010-இல் ஆயிரம் பேர் எடுத்த படங்களில் பத்துப் படத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். போன் உடைந்தது, மெமரி கார்டு தொலைந்தது, பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. என்னுடையதே நாலுதான் மிஞ்சியிருக்கிறது, அதில் ஒன்றில் என் கட்டைவிரல். வீட்டு மேசை இழுப்பறையில் பழைய நோக்கியா கிடந்தால் தயவுசெய்து சார்ஜர் தேடிப் போட்டுப் பாருங்கள்.

பாம்பன் பக்கம் வேலை பார்த்த குடும்பங்களுக்கு ஒரு சொல். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடி பாசஞ்சர் கடலோடு போனது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தைய தனுஷ்கோடி ஸ்டேஷன், அங்கே இருந்த குவார்ட்டர்ஸ், ஆட்கள், எதுவானாலும் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தால்கூடப் போதும். அந்தப் படத்தை எந்தக் கடையிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், என் கடையிலும்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேன் செய்துவிட்டுக் கையோடு வாங்கிப் போங்கள்.

இனித் தொழில்காரனாகச் சில வார்த்தை. பெயர் எழுதும்போது பால் பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் வரி விழும், மையும் ஊறும். மெல்லிய பென்சிலில், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான கலர் பிரிண்ட்டில் பென்சில் ஏறாது; அதற்குத் தனித்தாளில் எழுதிக் கவருக்குள் சேர்த்து வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். செய்து கொடுக்கிறவனே சொல்கிறேன், செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே ஈரம் புகுந்தால் படம் புழுங்கிப் போகும். சட்டத்துக் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். கடைக்கு வர முடியாவிட்டால் வாசல் நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், செல்போனை நேர்மேலே பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பேரனிடம் சொன்னால் செய்வான். அவன் அதற்குத்தான் இருக்கிறான்.

பெயர் தெரியாவிட்டால் பட்டப்பெயராவது எழுதுங்கள். ஷெட்டில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர்தான் பெயர். அதுவும் தெரியாவிட்டால், 'இவர் நம் வீட்டுக்கு வருவார், கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்' என்று எழுதுங்கள். அதை வைத்து இன்னொரு வீட்டு அப்பத்தா கண்டுபிடித்துவிடுவார்.

என் மேசையில் இப்போது ஒரு படம் இருக்கிறது. பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவர், "உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒய்பி. சக்கரத்தை எண்ணிவிட்டேன். தண்ணீர்க் குழாய் யானைத் தும்பிக்கை மாதிரி டெண்டருக்குமேல் திரும்பி நிற்கிறது. கேபினிலிருந்து பாதி உடம்பை வெளியே போட்டு ஒருவர் சிரிக்கிறார், முன்பல்லில் இடைவெளி. கீழே படியில் ஒரு பையன், பதினெட்டு இருபது வயசு, கிளீனராகப் புதிதாகச் சேர்ந்தவனாக இருக்கும். நீள மூக்கு எண்ணெய்க் கேனைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்திருக்கிறான். கேபின் ஓரத்து நம்பர் 26 என்று தொடங்குகிறது. மிச்ச இரண்டு எண்ணின்மேல் அவர் துண்டு தொங்குகிறது. இன்ஜின் நம்பரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. பின்பக்கம் பென்சிலில் ஒரே வரி: 'மாப்பிள்ளைக்கு'. எந்த மாப்பிள்ளை?

கடை எது என்று காலனிக்காரர்களுக்குத் தெரியும். ரயில்வேப் படமென்றால் ஸ்கேனுக்குக் காசு வேண்டாம். தாத்தாவைத் தனியாக எடுத்து நீலம் போட்டும் தருகிறேன், அதற்கும் கோபமில்லை. முழுப் படமும் ஒரு பிரிண்ட் சேர்த்துத் தருவேன், இரண்டையும் மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் இரண்டு மணி வரை இருப்பேன். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாமல் கொண்டுவாருங்கள். கூடவே வீட்டில் இருக்கிற வயசாளி ஒருவரையும் கூட்டிவாருங்கள். படி ஏற வேண்டியதில்லை, கடை தரைத்தளம்தான்.

இப்படிக்கு,
அரசரடிப் பக்கத்து ஸ்டுடியோக்காரன்